வாடகைக்கு மூன்று விளக்கு

புதுவயலில் என் கடை.
பந்தல், மைக்செட், சீரியல் லைட், எல்லாம் வாடகைக்கு.
மில் தவிடு படிந்து படிந்து
‘ஆரோக்கியம் சவுண்ட் சர்வீஸ்’ போர்டில்
‘ரோ’ மட்டும் தெரியாது.

ஒரு செவ்வாய் சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள்.
ஏழாம் வகுப்பு. பள்ளியில் கண்காட்சியாம்.
சிகப்பி என்று பெயர் சொன்னவள் கேட்டது பச்சை விளக்கு.
ரிஸ்வானாவுக்கு நீலம்.
எரியவிட்டுக் காட்டினேன்.
“சிவப்ப நீ எடுடா சேவுகா” என்றதும்
பையன் பச்சையைத் தூக்கினான்.
கவனம் இல்லாத பயல் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் வேண்டாமா என்றேன்.
மஞ்சள் இல்லாமல் எந்தத் திருவிழாவுக்கு விளக்குக் கட்டியிருக்கிறோம்?
“மஞ்சள் அங்க வந்துரும்ணே.”
எதில் வரும், காரைக்குடி பஸ்ஸிலா?
அவர்கள் சிரிக்கவில்லை.
உடைந்து திரும்பினால் யார் பொறுப்பு,
நானும் கூடவே போனேன்.

ஹாலில் அந்தக் காலத்துச் சுவர்,
முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது.
அதைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.
விளக்கு மூன்றையும் அடித்தால்
உள்ளே மூன்று விளக்கு நின்று
எங்களையே முறைத்தன. சரியாகக் கலக்கவில்லை.
“வழவழப்பு ஆகாது” என்றாள் ரிஸ்வானா,
“சொரசொரப்புதான் நாலா பக்கமும் சிதற விடும்.”
வேனில் கிடந்த என் நாலு முழ வேட்டி
ஆணியில் ஏறியது, கிரீஸ் கறையோடு.

சிவப்பு. பிறகு பச்சை.
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில்
மஞ்சள்.
இருபத்திரண்டு வருஷம் காசு கொடுத்து வாங்கிய சாமான்
அங்கே சும்மா நின்றது.

நீலமும் சேர, வேட்டி வெளுத்தது,
ஆனால் லேசாக ரோஸ் அடித்தது.
“சிவப்பப் பின்னால தள்ளு. இன்னும். இன்னும். நில்லு.”
தரையில் சாக்பீஸ் கோடு.
இப்போது துவைத்துக் காயப்போட்ட வெள்ளை.

பெயிண்டைக் கலந்தால் சேறுதானே வரும்?
கேட்டுவிட்டேன், வாய் நிற்கவில்லை.
“பெயிண்ட் ஒவ்வொண்ணும் வெளிச்சத்துல கொஞ்சம் தின்னுரும்ணே.
எல்லாம் சேந்து தின்னா என்ன மிச்சம்?
இங்க தின்ன ஆளில்ல. கூடிக்கிட்டே போகுது”
என்றாள் சிகப்பி.

குறுக்கே நடந்தேன். என் நிழல் மூன்றாய்ப் பிரிந்தது.
கறுப்பு இல்லை.
ஒருவன் மஞ்சள், ஒருவன் மயில்கழுத்து,
ஒருவன் காகிதப்பூ நிறம்.
நீலத்தை நான் மறைத்த இடம்தான் மஞ்சளாம்.
மறைத்தால் நிறம் வரும் என்பது
நாற்பத்தெட்டு வயதில் எனக்குச் செய்தி.

அதுவரை பேசாத சேவுகன் கேட்டான்:
“முதல்லயே மஞ்சளாத்தான இருந்துச்சு?”

சிகப்பி எல்லாவற்றையும் அணைத்தாள்.
சிவப்பு மட்டும். “இது?”
“அழுக்கு மஞ்சள்.”
பச்சை மட்டும்.
“வெளுத்த மஞ்சள்.”
இரண்டும்.
“மஞ்சள்.”

இலைக்குச் சிவப்பு அடித்தான் என்று
ட்ராயிங் வகுப்பில் அவனை வெளியே நிறுத்திய கதை
அப்புறம்தான் வந்தது.
ரிஸ்வானா நோட்டில் ஒரு கோடு கிழித்து,
‘சேவுகன் கண்ணுக்கு’ என்று
தனிப் பத்தி போட்டாள்.
“ரெண்டு வெளக்கு செலவுல நாம கொண்டாந்தத
இவன் ஒண்ணுலயே பாத்துட்டான்” என்றாள் சிகப்பி,
உண்மையிலேயே கொஞ்சம் பொறாமையோடு.
அவன் கழுத்து நிமிர்ந்ததை
மூன்று நிழலிலும் பார்த்தேன்.

ரசீதில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று.
மஞ்சளுக்கு என்ன போடுவது?

ராத்திரி கடையைத் திறந்து
வயர் சுருள் எல்லாம் கீழே இறக்கினேன்.
சிவப்பு கரண்ட். பச்சை எர்த்.
மாறினால் என்ன ஆகும் என்பது தொழிலில் தெரியும்.
போன சித்திரையில் சம்பளத்துக்கு வந்து
இரண்டே நாளில் நான் திட்டி அனுப்பிய பையன்
நினைவுக்கு வந்தான். பெயர்கூட மறந்துவிட்டது.

பச்சை ஒவ்வொன்றின் நுனியிலும்
இருட்டில் தடவினாலும் தட்டுப்படுகிற மாதிரி
ஒரு முடிச்சு.
பதினொரு மணிக்கு முப்பத்தாறு ஆகியிருந்தது.
மிச்சம் நாளைக்கு.